நாற்பதாவது குழாய்

ஹெல்சிங்கியிலிருந்து இரவு ரயில், பிறகு பேருந்து,
கடைசி நிறுத்தத்திலிருந்து பனியில் இரண்டு கிலோமீட்டர் நடை.
இர்யா ஹுவோத்தாரியின் தோள்பையில்
ஊசிகள், ரப்பர் பட்டை,
காபி பிளாஸ்க் நிறையப் பனிக்கட்டி.
1979, பிப்ரவரி.

சைமி கேட்காமலே காபி ஊற்றினாள்.
விருந்தாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.
மேசைக்கடியில் பென்ட்டி.
ஐந்து வயதில் கால்கள் அவனை மறந்தன,
ஏழில் கண்கள்.
வந்தவளின் காலுறையை விரலால் தடவி,
'ஓட்டை' என்றான்.
பெருவிரல் பக்கம். உண்மைதான்.

பிளாஸ்கில் அவன் ரத்தம் தெற்கே போனது.

'உலகம் முழுக்கப் பதினொரு பிள்ளைகள்,
இதற்கு எதற்குப் பணம்?' என்றது
நிதிக்குழுவின் கடிதம்.
ஓரத்தில் பென்சிலால் திருத்தினாள்:
பன்னிரண்டு. போன வாரம் ஒன்று.

பணம் வராத வருஷங்களில்
பாதிரியார்களின் பதிவேடுகளை வாசித்தாள்.
யாருக்கு யார் பிறந்தது,
யாருக்கு வேதம் திக்காமல் வாசிக்க வந்தது,
பஞ்சத்தில் பைன் பட்டை ரொட்டி தின்று
எந்தக் குடிசையில் எத்தனை பேர் போனார்கள்.
மை பூத்துப்போன அந்த வரிகளில்
பன்னிரண்டு பிள்ளைகளின் வழியும் பின்னால் பின்னால் நடந்து
ஏரிக்கரைப் பண்ணை ஒன்றில் போய் முட்டியது.
1703. மத்தியாஸ், உழவன்.
மனைவி. அவள் பெயரை எழுத
அந்தப் பாதிரியாருக்குத் தோன்றவில்லை.

பதினெட்டு வருஷம் கழித்து
ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதைக் கண்டாள்.
ஒரே எழுத்து.
'மருந்துக் கடை' என்பதில் ஒற்று விழுந்துவிட்டால்
கடை காணாமல் போய்
மருந்தைக் கடையச் சொல்லும் கட்டளை நிற்குமே, அப்படி.
உடம்பு பாவம், எழுதியதை எழுதியபடியே வாசிக்கும்.
கடை கடை என்று கடைந்து
கடைசியில் கால் போகும், கண் போகும்.

உறுதிப்படுத்த நோயில்லாத நாற்பது பேர் வேண்டும்.
ரயில்வே ஊழியர்கள் வரிசையில் நின்று தந்தார்கள்.
ஒரு குழாய் கைதவறி உடைந்தது.
ஞாயிற்றுக்கிழமை, வேறு யாருமில்லை,
தன் கையையே நீட்டிக்கொண்டாள்.

நாற்பதாவதில் ஒரு பிரதி சரி.
இன்னொன்றில் ஒற்று இல்லை.
இயந்திரத்தைத் திட்டினாள். மூன்று முறை ஓட்டினாள்.
மூன்று முறையும் அதையே சொன்னது.

மறுபடியும் அதே பேருந்து.
பென்ட்டி பத்தொன்பதில் போயிருந்தான்.
படம் வரைந்து விளக்கினாள்:
அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று,
இரண்டும் சேர்ந்தால்தான்.
மருந்து? இல்லை. இப்போதைக்கு இல்லை.

சைமி படத்தைப் பார்க்கவில்லை.
'அப்போ கிணற்றடி?'
'எந்தக் கிணற்றடி?'
'ஏழாம் மாசம். பனியில் வழுக்கி விழுந்தேன்,
வாளியோடு. வயிறு கீழே.'
'அது இல்லை.'
'வாளி கனம். தூக்கியிருக்கக் கூடாது.'
'அது இல்லவே இல்லை, சைமி.'

வில்ஹோ ஜன்னலைப் பார்த்தபடி,
'இருபத்தாறு வருஷமாகத் தண்ணீர் நான்தான் எடுத்தேன்' என்றார்.
'குழாய் வரும்வரை.'
அதைக் குறையாகச் சொன்னாரா
வேறு ஏதாகவாவதா, தெரியவில்லை.

இர்யா தன் காலுறையைப் பார்த்தாள்.
அன்றும் ஓட்டை.
சொல்ல ஆளில்லை.

'எனக்கும் இருக்கிறது' என்றாள்.
அறிக்கையில் எழுதாத வரி அது.
சைமி அப்போதுதான் நிமிர்ந்தாள்,
மூக்கிலிருந்து மோவாய்வரை அவளை நிதானமாக வாசித்தாள்.
'அப்படியானால் அந்த நாற்காலி எதற்கு?
இப்படி அடுப்புப் பக்கம் வா.'

பிறகு எழுந்து கோட்டை மாட்டினாள்.
'கிணற்றுப் பலகையில் ஆணி அடித்திருக்கிறேன்' என்றார் வில்ஹோ.

அவள் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனாள்.